ஹுஸ்னியா நிராகரித்த சிவப்புக் கட்டம்

கிண்ணியாவில் ஹுஸ்னியாவின் முகம் தெரியாதவர்கள்கூட அவள் கோடு போட்ட வீடுகளில் குடியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு ஊர் திரும்பக் கட்டப்பட்ட காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்தவள் அவள். அப்போது வயது இருபத்தொன்று. எந்த அறைக்கு எந்தப் பக்கம் ஜன்னல், மழைத்தண்ணீர் எந்த வழியால் வெளியே போகவேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவள் வரைந்த வீடுகள் மட்டும் இருநூற்றுக்கு மேல் இருக்கும். பிறகு திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி பஸ்ஸில் போய் மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்புவாள். கணவன் நௌபர் வயலும் ஒரு சிறிய கடையும் பார்த்துக்கொண்டான். மகள் ஒருத்தி, மகன் ஒருவன்.

அந்த நிறுவனத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஹுஸ்னியா பார்த்த வரைபடமென்றால் இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். ஒரு மதகுக்கான வரைபடத்தில் கம்பியின் விட்டம் ஓரிடத்தில் பன்னிரண்டு என்றும் இன்னோரிடத்தில் பத்து என்றும் எழுதியிருந்ததை, சிமெந்து கலக்கும் நாளன்று காலையில் அவள் கண்டுபிடித்து வேலையை நிறுத்தினாள். அதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதைக் கேட்டுப் பழகியிருந்தாள். தன் கண்ணில் ஒரு பிழை தப்பாது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள் என்பதுதான் உண்மை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு புது வேலை வந்தது. நகரத்தின் தெருக்களுக்குக் கீழே மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் கொங்கிறீட் குழாய்கள் ஓடுகின்றன. சில முப்பது வருடம் பழையவை, சில அதற்கும் மேல். தெருவைத் தோண்டாமல் அவற்றின் நிலையைப் பார்த்துச் சொல்லவேண்டும். நாலு சில்லுப் பூட்டிய, பூனையளவு கமெரா வண்டி ஒன்றை நிறுவனம் வாங்கியது. மேன்ஹோல் மூடியைத் திறந்து அதைக் கயிற்றில் இறக்கினால், அது தன் விளக்கு வெளிச்சத்தில் குழாய்க்குள்ளே ஊர்ந்துபோய் முழுவதையும் படமெடுத்துக்கொண்டு வரும். அந்தப் படத்தை ஒரு மென்பொருள் பார்க்கும். வெடிப்பு, மூட்டு விலகல், வேர் நுழைவு, கொங்கிறீட் உதிர்வு என்று சந்தேகப்படும் இடமெல்லாம் ஒரு சிவப்புக் கட்டம் போட்டுவிடும். அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உண்மையான பழுதென்றால் ஏற்கவும், பிழையென்றால் நிராகரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஹுஸ்னியாவைப் போட்டதில் யாருக்கும் இரண்டாம் யோசனை இருக்கவில்லை.

மென்பொருள் வேறு தேசத்துக் குழாய்களில் பழகியது. திருகோணமலைக் குழாய்கள் அதற்குப் புதிது. கடல் உப்பு படிந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வெடிப்பு என்றது. ஒட்டிக்கிடந்த பொலித்தீன் துண்டைப் பார்த்தால் கொங்கிறீட் உதிர்ந்துவிட்டது என்றது. கடலில் போய் விழும் குழாய்களென்பதால் உள்ளே நண்டுகள் தாராளமாக இருந்தன. நண்டைக் கண்டால் அந்த மென்பொருளுக்குப் பதற்றமே வந்துவிடும். நூறு கட்டம் போட்டால் எண்பது பிழையாக இருந்தது. நிராகரிக்கும்போது காரணத்தையும் ஒரு பட்டியலிலிருந்து தெரிவுசெய்யவேண்டும்: நிழல், கறை, குப்பை, உயிரினம். முதல் மாதம் ஹுஸ்னியா ஒவ்வொரு கட்டத்தையும் பெருப்பித்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். மூன்றாம் மாதம் அவள் விரல் தானாகவே நிராகரிக்கத் தொடங்கியிருந்தது.

ஓகஸ்ட் மாதத்து ஒரு வியாழக்கிழமை. லிங்கநகர்ப் பக்கத்துக் குறுக்கு வீதியொன்றின் குழாய்ப் படம் அவள் முன்னால் இருந்தது. அடுத்த நாள் அறிக்கை போகவேண்டும். இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் மிச்சம். நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததில் சனம் நெருக்கியடிக்கும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, வீட்டில் ஒரு துக்கம் என்றோ இருந்திருந்தால் பிற்காலத்தில் அவளுக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. உட்கார்ந்து போகக்கூடிய பஸ்ஸில் போகவேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது. அறுபத்துமூன்றாவது மீற்றரில் ஒரு கட்டம் வந்தது. அதன் நடுவில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்டு. ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு வந்தது. உயிரினம் என்று அமத்திவிட்டு அடுத்ததுக்குப் போனாள். மூன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

நவம்பர் கடைசியில் மாரி பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஐந்தாம் நாள் காலை வெயில் எறித்தது. பாலையூற்றைச் சேர்ந்த சிவகுரு என்ற ஆட்டோ ஓட்டுநர் இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அந்தக் குறுக்கு வீதியால் திரும்பி வந்துகொண்டிருந்தார். வீதியின் நடுவில் தார் அப்படியே உள்ளே போனது. ஆட்டோ முன்பக்கமாகக் குழிக்குள் விழுந்தது. அவருடைய வலது கால் பிறேக் பெடலுக்கும் உடைந்த கொங்கிறீட்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது. ஆட்களும் படையினரும் சேர்ந்து அவரைத் தூக்கியெடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது.

செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது ஹுஸ்னியா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வீதியின் பெயரைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். நிராகரித்த கட்டங்கள் அறிக்கையில் போவதில்லை. ஆனால் மென்பொருள் எதையும் அழிப்பதில்லை, எல்லாம் உள்ளே ஒரு பதிவில் கிடக்கும். அறுபத்துமூன்றாவது மீற்றரைத் தேடியெடுத்துப் படத்தைப் பெருப்பித்தாள். நண்டு அங்கேயே இருந்தது. அதன் பின்னங்கால்கள் குழாயின் சுவருக்குள்ளே இருந்தன. சுவரில் ஒரு கை நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பு அகன்ற இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்துதான் நண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. குழாய்க்கு வெளியே மண் இருக்கவேண்டிய இடத்தில் நண்டு இருக்கிறதென்றால் அங்கே மண் இல்லை. இதைப் படிக்காத ஒருவருக்குக்கூட அது விளங்கும். படத்தின் கீழே அவளுடைய பெயர், திகதி, மூன்று மணி இருபத்தாறு நிமிடம், காரணம் உயிரினம். கட்டம் திறந்திருந்த நேரத்தையும் அது குறித்து வைத்திருந்தது: இரண்டு செக்கன்.

அவள் கணினியை மூடினாள். பதிவை எவருக்கும் காட்டவில்லை.

அடுத்த நாட்களில் நடந்தது அவள் எதிர்பார்க்காதது. குழாய் நல்ல நிலையில் இருக்கிறது என்று அறிக்கை சொல்லியிருந்தது, குழாய் உடைந்துவிட்டது, ஆகவே மென்பொருள் கோட்டை விட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். பிராந்தியப் பத்திரிகையில் கமெராவின் கண்ணில் படாத வெடிப்பு என்று எழுதினார்கள். வேலையை ஒப்படைத்த அரசாங்கத் திணைக்களம், இனி அந்த மெசின் தந்த முடிவு ஒன்றையும் ஏற்க ஏலாது என்று கடிதம் அனுப்பியது. கொழும்பிலிருந்த நிறுவன முதலாளியும் அதற்குத் தலையாட்டினார். அலுவலகத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் திலக்சன் இளைஞன், நிலாவெளிக்காரன். மென்பொருளை வாங்கும்படி சிபாரிசு செய்தவனே அவன்தான். இரண்டு கிழமைக்குள் அவன் முகம் வற்றிப்போனது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஹுஸ்னியா குனிந்து எதையாவது தேடுவாள்.

ஒரு நாள் காலை, சோறு கட்டிக்கொண்டிருந்தபோது நௌபரிடம் மட்டும் சொன்னாள். அவன் கையிலிருந்த பாத்திரத்தை வைத்தான்.

"நீ வேணுமெண்டு செஞ்சயா? வேலை செய்யிற ஆளுக்குப் பிழை வரும்தான். மெசின் எண்டு எல்லாரும் சொல்லிட்டாங்க. அதுக்கு வீடும் இல்ல, பிள்ளையும் இல்ல. பழி அதோட கிடக்கட்டும்," என்றான்.

அவன் தன்மேல் உள்ள அன்பினால்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கேட்டபோது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதலே அருவருப்பாகவும் இருந்தது. அவள் ஐந்து நேரமும் தொழுகிறவள். தொழுது முடித்துக் கையேந்தியபோது என்ன கேட்பதென்று தெரியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்த நாட்கள் அந்த மாதத்தில் பல.

வேலை முடிந்து ஒரு மாலையில் அவள் வைத்தியசாலைக்குப் போனாள். தோடம்பழமும் பாலில் கலக்கும் மோல்ற்மாவும் வாங்கிக்கொண்டு போய், இன்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன், பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று மட்டும் சொன்னாள். சிவகுருவுக்கு ஐம்பத்திரண்டு வயதிருக்கும். காலில் முழங்கால் தொடக்கம் பாதம் வரை இரும்புக் கம்பிகள் பூட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி தான் இருந்த கதிரையை அவளுக்கு நகர்த்திவிட்டு, போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை, நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். பாதத்தின் எலும்புகள் பொருந்தினாலும் பிறேக் மிதிக்கிற அளவுக்குப் பலம் வருமா என்று வைத்தியர்கள் இன்னும் சொல்லவில்லையாம்.

ஹுஸ்னியா சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் சிவகுரு கதைக்கத் தொடங்கினார்.

"அதில ஆரைக் குத்தம் சொல்லுறது தங்கச்சி? கமெராப் பெட்டி. அதுக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் பாத்திருந்தா விட்டிருப்பினமே?"

மூடியில் இருந்த தேத்தண்ணியை அவள் குடித்து முடித்தாள். ஏதும் தேவையென்றால் கூப்பிடச் சொல்லித் தொலைபேசி இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பஸ் தரிப்பிடம்வரை போய், அங்கே வந்த இரண்டு பஸ்களையும் விட்டுவிட்டு நின்றாள். ஓர் ஆள் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார் என்று அந்த மனிதர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் சொல்லாமல் வந்தேன் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. பயத்தில்தான் வந்துவிட்டாள்.

டிசம்பர் முடிந்து தை மாதம் பிறந்தது. திணைக்களம் திருப்பி அனுப்பிய பழைய அறிக்கைகளைக் கட்டி அலுமாரியில் வைக்கும் வேலை அவளிடம் வந்தது. அதில் ஒன்று, உட்துறைமுகக் கரையை நோக்கிப் போகும் வீதியொன்றின் அறிக்கை. அதைப் புரட்டியபோது அவள் கை நின்றது. நூற்றுப்பன்னிரண்டாவது மீற்றரில் மூட்டு விலகி, மண் உள்ளே வடிகிறது என்று மென்பொருள் கட்டம் போட்டிருந்தது. அவளே அதைப் பார்த்து ஏற்றிருந்தாள். உடனே திருத்தவேண்டும் என்ற பட்டியலில் அது முதலாவதாக இருந்தது. மெசின் பொய் சொல்கிறது என்று எல்லா அறிக்கையும் திரும்பி வந்ததில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு முன்பள்ளியின் வாசலுக்கு நேரே. காலையில் பிள்ளைகளை இறக்கும் வாகனங்களெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

அன்றே திலக்சனிடம் போய் அதைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவன் களைத்துப்போய்ச் சிரித்தான். அந்த மெசின் சொன்னது என்று போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கமெராவைத் திரும்ப இறக்குவதற்கும் அனுமதியில்லை, மாரி முடிந்தபிறகு அவர்களே ஆள்வைத்துப் பார்க்கப்போகிறார்களாம் என்றான். மாரி முடிய இன்னும் ஆறு கிழமையாவது இருந்தது.

அடுத்த நாள் ஏழு மணி பஸ்ஸில் அவள் வழமைபோல வந்து இறங்கினாள். அலுவலகத்துக்கு நேரே போகாமல் அந்த வீதிக்குப் போனாள். தார் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு சாக்குப் பை அகலத்துக்கு மெல்லிய பள்ளம், அதில் கொஞ்சம் தண்ணீர். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் செருப்பால் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு வான் அதன்மேல் நின்று பின்பக்கமாகத் திரும்பியது. ஹுஸ்னியா வான் சாரதியிடம் போய், தம்பி, அங்கால தள்ளி நிப்பாட்டுங்க என்றாள். ஏன் என்று அவன் கேட்டான். அவள் அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் கணினியைத் திறந்து, லிங்கநகர்ப் பதிவைத் தாளில் அச்செடுத்தாள். நேரே திலக்சனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சேர், அந்தக் குழாயை மெசின் விடல்ல. அது கண்டுபிடிச்சது. நான்தான் வேணாமெண்டு அமத்தின," என்று தாளை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தாளை வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"வேற ஆரும் இதைப் பாத்தவையே, அக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்கள் எனக்கு இதைக் காட்டேல்லை. நானும் பாக்கேல்லை. உங்கட பேர் வெளியில போனா இந்த ஊரில ஒருத்தரும் உங்களுக்கு ஒரு கோடு போட வேலை தரமாட்டினம்."

இரண்டு மாதமாக அவமானப்பட்டவன் அவன். அந்தத் தாளைக் கண்டதும் அவன் சந்தோஷப்பட்டுத் துள்ளியிருக்கலாம். ஆனால் அவளைக் காப்பாற்றப் பார்த்தான். அது அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

"முன்பள்ளிக்கு முன்னால இருக்கிறதைத் தோண்டணும் சேர். மெசின்ட பேச்சை அவங்க கேக்கணுமெண்டா, அது பிழை விடல்ல எண்டு ஒரு ஆள் போய்ச் சொல்லணும். அது நான்தான்."

அன்று பின்னேரம் இருவரும் திணைக்களத்துக்குப் போனார்கள். அங்கே மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். ஹுஸ்னியா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எவ்வளவு நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். இரண்டு செக்கன் என்றாள். இன்னொருவர், இதை ஏன் சம்பவம் நடந்த அன்றே சொல்லவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றாள். வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே கிடந்த ஒரு வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் முன்பள்ளிக்கு விடுமுறை கொடுத்து வீதியை மறித்துத் தோண்டினார்கள். தாரும் கல்லும் ஒரு சாண் தடிப்பில் பாலம்போல நின்றன. கீழே ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவுக்கு வெறும் பொந்து. அடியில் குழாயின் மூட்டு வாய் பிளந்து கிடந்தது. பார்க்க வந்தவர்கள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். திணைக்களத்துக்காரர் ஒருவர் ஹுஸ்னியாவிடம் வந்து, நீங்கள் சொன்னபடியால் பிள்ளைகள் தப்பினார்கள் என்றார். அவளுக்கு அந்த வார்த்தை முகத்தில் அறைந்தது போலிருந்தது. அலுமாரியில் அறிக்கையைக் கண்டது நேற்று முந்தின நாள். ஆனால் அந்த அறிக்கைகள் திரும்பி வந்ததே அவள் வாயைத் திறக்காததால். ஏறக்குறைய ஐம்பது நாள் அந்தப் பிள்ளைகள் இந்தப் பொந்தின்மேல் நடந்து போய் வந்திருக்கிறார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு விலகி நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நௌபர் அவளை மோட்டார் சைக்கிளில் பாலையூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஒழுங்கை முகப்பிலேயே நில்லுங்கள் என்றாள். சிவகுரு வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகியிருந்தது. முன்விறாந்தையில் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு இருந்தார். அவளைக் கண்டதும் இரத்தினேஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டாள். ஹுஸ்னியா உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். பஸ்ஸைப் பற்றியும் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

சிவகுரு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தில என்ன தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"ஒரு நண்டு."

"நண்டோ?"

"ஓம். நண்டு நிண்டது வெடிப்புக்குள்ள. நான் நண்டை மட்டும்தான் பாத்த."

அவர் அதை மனதில் உருவாக்கிப் பார்ப்பதுபோல் கண்ணை மூடினார். இரத்தினேஸ்வரிதான் பிறகு பேசினாள். சத்தம் போடவில்லை.

"நான் உங்களுக்கு ஆஸ்பத்திரியில தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்," என்றாள். அவ்வளவுதான். உள்ளே குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

"கோவம் இல்லையெண்டு சொன்னா அது பொய், தங்கச்சி," என்றார் சிவகுரு. "பொறுத்தனான் எண்டும் சொல்ல எனக்கு இண்டைக்கு ஏலாது. நீங்கள் இப்ப போங்கோ."

அவள் போனாள். ஒழுங்கை முகப்பில் நின்ற நௌபர் மோட்டார் சைக்கிளை எடுத்தான். கிண்ணியாப் பாலம் வரும்வரை அவள் அழுதாள்.

பதிவு சாட்சியாக இருந்தபடியால் நிறுவனத்தின் காப்புறுதி சிவகுருவின் அடுத்த சத்திரசிகிச்சைகளுக்குப் பொறுப்பெடுத்தது. ஹுஸ்னியாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, கட்டங்களைப் பார்க்கும் வேலையிலிருந்து விலக்கினார்கள். ஒரு கட்டத்தை இருவர் பார்க்காமல் நிராகரிக்க ஏலாது என்று திலக்சன் மென்பொருளையே மாற்றி வைத்தான். ஊரில் கதை பரவியது. வீட்டு வரைபடத்துக்கு வந்துகொண்டிருந்த சிலர் வேறு ஆளிடம் போனார்கள். அவர்கள் போனது அவளுக்கு நோகவில்லை. முன்பு தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட புகழ்ச்சிகளை யாராவது இன்னும் சொல்லும்போதுதான் நொந்தது.

அவள் திலக்சனிடம் ஒன்று கேட்டாள். இதுவரை தான் நிராகரித்த நாலாயிரத்துச் சொச்சம் கட்டங்களையும் வேறொரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் பார்க்கவேண்டும். அவன் சம்மதித்தான். சனிக்கிழமைகளில் வந்தாள். பக்கத்தில் இருந்தவள் றிஷானா என்ற புதுப் பொறியியலாளர், அதிகம் கதைக்காதவள். ஐந்து மாதம் சென்றது. பதினொரு கட்டங்கள் உண்மையான பழுதுகள். எட்டு சின்ன வெடிப்பு. மூன்று இடங்களைத் தோண்டித் திருத்தினார்கள். ஒவ்வொன்று அகப்படும்போதும் அவள் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே என்று றிஷானாவிடம் கேட்பாள். இல்லை என்று அவள் சொல்லும்வரை அடுத்த கட்டத்தைத் திறக்கமாட்டாள்.

சிவகுருவால் திரும்ப ஆட்டோ ஓட்ட முடியவில்லை. அவருடைய மைத்துனர் அதை ஓட்டுகிறார். சிவகுரு பாலையூற்றுச் சந்தியில் உறவினர் ஒருவரின் கடையில் காலையில் போய் இருக்கிறார், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார் என்று கேள்வி.

அடுத்த ஒக்டோபரில், மழை தொடங்கப்போகும் ஒரு திங்கட்கிழமைக் காலை, ஹுஸ்னியாவின் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தாள்.

"நான் இரத்தினேஸ்வரி," என்றது குரல். "எங்கட ஒழுங்கையில தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்தில நிலம் பதிஞ்ச மாதிரிக் கிடக்கு. பிள்ளையள் போய் வாற பாதை. ஆரிட்டச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"நான் வாறன்," என்றாள் ஹுஸ்னியா.

திலக்சனிடம் சொல்லிவிட்டு அளவு நாடாவும் ஓர் இரும்புக் கம்பியும் கைக்கமெராவும் எடுத்துக்கொண்டு அந்த மணித்தியாலமே போனாள். இரத்தினேஸ்வரி படலைக்கு வெளியே குடையோடு நின்றாள். சுகம் கேட்கவில்லை, உள்ளே வரச் சொல்லவுமில்லை. இடத்தைக் கையால் காட்டினாள். ஹுஸ்னியா குந்தியிருந்து, கம்பியால் குத்தி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குப் போகும் சிறிய தண்ணீர்க் குழாய் வெடித்து மண்ணைக் கரைத்திருந்தது. பெரிய ஆபத்தில்லை. அப்படியென்று சொல்லிவிட்டு எழும்பாமல், கானின் மறுபக்கத்தையும் அதன் வளைவு வரைக்கும் பார்த்தாள். தூறல் விழத் தொடங்கியது. அவள் நாடாவை விரித்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது இரத்தினேஸ்வரி இரண்டடி முன்னால் வந்து நின்றாள். குடை இப்போது இருவருக்கும் மேலே இருந்தது.